தூக்கி வந்தவருக்குப் பதக்கம், தூக்கி வரப்பட்டவருக்கு?

ஜூலை 14 முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலை நடைக்காகக் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தேன். போர் நினைவுச் சின்னத்தில் வைத்த மலர்வளையங்கள் வாடிவிட்டன. மூவர்ண நாடா மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வழக்கமான பெஞ்சில் வழக்கமான இருவர். ஒருவர் சொல்தா அண்ணன். வயது எண்பத்து நாலு, ஜெர்மனியிலும் ஜிபுத்தியிலும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மற்றவர் என் வயதுக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் அப்பா விடுதலைப் போராட்டக் காலத்தில் போலீஸிடம் அடி வாங்கியவர். எங்களுக்கு நடை ஒரு சாக்கு. சண்டைதான் காரியம்.

அன்றைய சண்டை வலேரி ஆந்த்ரே அம்மையாரைப் பற்றி. 2025 ஜனவரி 21-ஆம் தேதி, 102 வயதில் காலமானார். பிரெஞ்சு ராணுவ மருத்துவர், ஹெலிகாப்டர் விமானி. இந்தோசீனா யுத்தத்தில் காட்டுக்குள் போய் அடிபட்டவர்களைத் தூக்கி வந்தவர். "இந்த வருஷ விழாவிலாவது அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"டாக்டர் அம்மா. அடிபட்டவனை ஏத்திக்கிட்டு வந்தாங்க. நல்ல காரியம், நான் இல்லேன்னு சொல்லலே. ஆனா துப்பாக்கி பிடிக்கலியே தம்பி. சுடாதவங்களுக்கு எதுக்கு அத்தனை குருவா?" என்றார் சொல்தா அண்ணன்.

வாத்தியார் வேறு பக்கத்திலிருந்து வந்தார். "அது காலனியைக் காப்பாத்தப் போன பட்டாளம் முசே. அதுல அடிபட்டவனைத் தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன? நம்ம ஊர்ல அதுக்கு எதுக்குப் பூச்செண்டு?"

நான் பதில் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். எதிரில் இருப்பவர் பேசும்போது வாய் திறக்க வராது; ராத்திரி உட்கார்ந்து கோப்பில் குறிப்பு எழுதத்தான் வரும். இது அந்தக் குறிப்பு.

முதலில் ஆள் யார் என்பது. 1922 ஏப்ரல் 21-ல் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே விமானம் ஓட்டக் கற்க ஆரம்பித்தவர். ஜெர்மானியர் அல்சாஸைப் பிடித்ததும் ஊரை விட்டு ஓடி, கிளெர்மோன்-ஃபெரானிலும் பாரிஸிலும் மருத்துவம் படித்தார். பாராசூட்டில் குதிக்கவும் கற்றார். 1940-களின் கடைசியில் ராணுவ மருத்துவராக இந்தோசீனா போனார். அங்கே மி-தோ, பிறகு சைகோன். சைகோனில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை.

1950-ல் அந்த நாட்டுக்கு ஹெலிகாப்டர் வந்தது. எத்தனை? இரண்டு. ஹில்லர் 360 என்று ஒரு அமெரிக்க மாதிரி. அவை வந்ததைப் பார்த்த இந்த அம்மையார் பிரான்சுக்குப் போய், ஓட்டக் கற்றுக்கொண்டு, திரும்பி வந்தார். அறுவை சிகிச்சை தெரிந்த ஆளே விமானியாகவும் இருந்தால் இரண்டு பேர் போகிற இடத்தில் ஒருவர் போதும் என்பது கணக்கு. அந்த மிஷினுக்கு சக்தி குறைவு. ஓட்டுகிறவர் எடை குறைந்தால் அடிபட்டவனுக்கு அந்த எடை மிஞ்சும். அம்மையார் ஒல்லியான ஆள்.

இப்போது சொல்தா அண்ணனுக்குப் பதில்.

அண்ணே, நீங்கள் லாரியில் போயிருப்பீர்கள், கவச வண்டியில் போயிருப்பீர்கள். அந்த ஹில்லரைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். கண்ணாடிக் குமிழி ஒன்று, பின்னால் ஒரு நீண்ட வால், மேலே சுழலும் இறக்கை. ஆயுதம் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்ட்ரெச்சர், அதுவும் வெளியே கட்டியிருக்கும். அடிபட்டவன் காற்றில் கிடந்தபடியே வருவான். ஓட்டுகிறவருக்கு இரண்டு கையும் வேலை, இரண்டு காலும் வேலை. நம் ஊரில் இன்றைக்குக் கல்லூரிப் பையன் மோட்டார் சைக்கிளில் போகிற வேகத்தைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. கீழே மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு வானத்தில் அதைவிட சுலபமான குறி கிடைக்காது. சண்டை விமானம் சீறிக்கொண்டு வந்து, குண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். இது இறங்க வேண்டும், நிற்க வேண்டும், ஆளை ஏற்ற வேண்டும், மறுபடி எழும்ப வேண்டும். சுடுகிறவர்கள் நடுவில், சுட முடியாமல் நிற்பதற்குப் பெயர் என்ன? நீங்கள்தான் பட்டாளத்து ஆள், நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

எனக்கு அதைவிட உறைப்பது இன்னொன்று. அவர் டாக்டர். தரையில் இருக்கும்வரை அடிபட்டவன் அவருடைய நோயாளி. பறக்க ஆரம்பித்துவிட்டால், கையெட்டும் தூரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கிடக்கிறான். ரத்தம் போனாலும், மூச்சுத் திணறினாலும் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. கையை எடுத்தால் மிஷின் விழும். வைத்தியம் தெரியாத விமானி என்றால் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு வருவான். இவருக்கு அங்கே என்ன நடக்கும் என்பது தெரியும்.

1951 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். டோங்கினில் கறுப்பு ஆற்றங்கரையில் து-வு என்று ஒரு காவல் நிலை. டிசம்பர் 10 ராத்திரி வியட்மின் படை அதன்மேல் அலை அலையாக வந்து மோதியது. மறுநாள் அங்கே அடிபட்டவர்கள் குவிந்து கிடக்கிறார்கள். வேலை செய்யும் நிலையிலிருந்த ஹெலிகாப்டரோ சைகோனில் இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அதைக் கழற்றி, சரக்கு விமானத்தில் ஏற்றி ஹனோய்க்குக் கொண்டுபோய், மறுபடி பூட்டினார்கள். ஆந்த்ரே அம்மையார் பனிமூட்டத்தில், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் சூட்டில் அதை ஓட்டிப் போய் இறங்கினார். யார் முதலில், யார் பிறகு என்று பார்த்துப் பிரித்தார். தாங்காதவர்களுக்கு அங்கேயே அறுவை செய்தார். பிறகு இரண்டிரண்டு பேராக ஹனோய்க்குக் கொண்டுவந்தார்.

இரண்டிரண்டு பேராக. அதாவது ஒவ்வொரு முறையும் இரண்டு பேரைக் காட்டி "இவர்கள்" என்று சொல்ல வேண்டும். மீதிப் பேர் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அண்ணே, துப்பாக்கி விசையை இழுப்பது இதைவிடக் கஷ்டமா?

இந்தோசீனாவில் அவர் கணக்கு 129 நடை, 165 பேர். அறுவை செய்வதற்காகப் பாராசூட்டில் குதித்தது இரண்டு தடவை. குமாஸ்தா புத்தி, நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு நடைக்கு ஒன்றேகால் ஆளுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு ஸ்ட்ரெச்சரும் நிரம்பினதுகூட எப்போதும் இல்லை. ஒரே ஒரு ஆளுக்காகப் போய் வந்த நடைகள் எத்தனை இருக்கும், யோசியுங்கள். சுட்டவன் கணக்கு யாரிடமும் சரியாக இருக்காது. இந்தக் கணக்கு ஒன்று, இரண்டு என்று தலைதலையாக எண்ணின கணக்கு.

இனி வாத்தியாருக்கு. இவருக்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் பாதி விஷயத்தில் நான் அவர் கட்சி.

அந்த யுத்தம் அநியாய யுத்தம். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் மழுப்பப் போவதில்லை. 1946 நவம்பரில் ஹைஃபோங் நகரத்தின்மேல் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டு பொழிந்ததை எங்கள் சரித்திரப் பாடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. முப்பது வயதுக்கு மேல் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்தவன் நாட்டில் எட்டு வருஷம் சண்டை போட்டுத் தோற்றார்கள். தோற்றது சரி.

ஆனால் வாத்தியாரே, "பிரெஞ்சுக்காரனைக் காப்பாற்றினாள்" என்கிற தோரணையில் பேசினீர்களே, அங்கே கிடந்தவன் யார் என்று பார்த்தீர்களா? பிரான்சின் கட்டாய ராணுவ சேவைப் பையன்களை இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் பாரிஸில் தாய்மார்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். போனது சம்பளத்துக்குச் சேர்ந்த ஆட்கள், வெளிநாட்டுப் படையணியில் இருந்த ஜெர்மானியர்கள், மொரோக்கோ, அல்ஜீரியா, செனகல் ஆட்கள், வியட்நாமியர்களே பல ஆயிரம். நம் முத்தியால்பேட்டை, காரைக்கால் ஆட்களும் அதில் உண்டு. து-வு நிலையைக் காத்தவர்கள் மொரோக்கோக்காரர்கள். ஒரு ஏழை நாட்டுக்காரனை இன்னொரு ஏழை நாட்டுக்காரன்மேல் ஏவிவிட்டார்கள். அந்த ஏவப்பட்டவன் வயிற்றில் குண்டோடு கிடக்கிறான். அவனைத் தூக்க ஒருத்தர் வந்தார். அவரைப் பார்த்து "நீ ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி" என்று சொல்லும் உரிமை வியட்நாமியருக்கு இருக்கலாம். எனக்கும் உங்களுக்கும் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு அது இல்லை.

வாத்தியார் இன்னொன்று கேட்பார், எனக்குத் தெரியும். "ஆறினவனைத் திருப்பிச் சண்டைக்குத்தானே அனுப்பினான்?" ஆமாம், அனுப்பியிருப்பான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அல்ஜீரியாவைப் பற்றி அதைவிட நெருடல். அங்கேயும் அம்மையார் பல நூறு தடவை பறந்தார். ஆனால் அங்கே பிரெஞ்சுப் படை ஹெலிகாப்டரை அடிபட்டவனைத் தூக்க மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மலைமேல் கமாண்டோக்களை இறக்கவும், மேலிருந்து சுடவும் பழகிக்கொண்டது அந்த யுத்தத்தில்தான். சைகோனில் "விசிறி" என்று செல்லமாகக் கூப்பிட்ட மிஷின், அல்ஜீரியக் கிராமத்துக்காரனுக்கு வேறு சத்தமாகக் கேட்டிருக்கும். இதை மறைத்துவிட்டு அம்மையாருக்குப் பாட்டுப் பாட எனக்கு இஷ்டமில்லை. அதற்காக து-வுவில் இறங்கினதை அழிக்கவும் இஷ்டமில்லை.

விசிறி என்றதும் ஒன்று. 1954-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'இசி, வாந்திலாத்தேர்'. 'இங்கே, விசிறி' என்று அர்த்தம். ஹெலிகாப்டருக்கு அங்கே அதுதான் பெயர்.

இதுவரை நண்பர்களோடு சண்டை. என் உண்மையான கோபம் வேறு இடத்தில்.

அம்மையார் இறந்தபோது செய்திகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் தலைப்பு ஒன்றுதான்: பிரான்சின் முதல் பெண் ஜெனரல். உண்மைதான், 1976-ல் அந்தப் பதவி. 1999-ல் லெழியோன் தொன்னேரின் கிராந்த் குருவா. நம் பக்கத்தில் செவாலியே என்றாலே மாலை மரியாதை செய்கிறோம்; அது ஐந்து படியில் முதல் படி, கிராந்த் குருவா ஐந்தாவது. சந்தோஷம். ஆனால் தோள்பட்டை நட்சத்திரம் அலுவலகத்தில் கொடுப்பது. அரசாங்கம் தான் கொடுத்ததைப் பற்றித்தான் பெருமையாகப் பேசும். 165 பேர் எங்கே போனார்கள் என்று ஒரு செய்தியிலும் ஒரு வரி இல்லை.

அவ்வளவு பெரிய நாட்டுக்கு, வடக்கே டோங்கின் முதல் தெற்கே மீகோங் வரைக்கும், யுத்தம் தொடங்கி மூன்று வருஷம் கழித்து இரண்டு ஹெலிகாப்டர். அதே காலத்தில் கொரியாவில் அமெரிக்கர்கள் ஹெலிகாப்டரில் ஆயிரக்கணக்கான பேரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு பெரிய சிகோர்ஸ்கிகள் வந்தன, விமானிகளும் கூடினார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆரம்ப வருஷங்களில் ஒரு பெண்மணியின் துணிச்சல்தான் ஒரு அரசாங்கத்தின் கஞ்சத்தனத்துக்குத் திரை. பத்து மிஷின் வாங்குவதைவிட ஒரு மெடல் குத்துவது மலிவு. எந்த அலுவலகத்திலும் இதுதான் வழக்கம். நான்கு பேர் வேலையை ஒருத்தர் செய்தால் அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வரும். மூன்று பேரை நியமிக்கும் கோப்பு நகராது.

அப்புறம் பென்ஷன். 1959 டிசம்பரில் பிரான்ஸ் நிதிச் சட்டத்தில் ஒரு ஷரத்து போட்டது. முன்னாள் காலனிகள், பாதுகாப்பில் இருந்த நாடுகள் இவற்றின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களுக்கு பென்ஷன் அன்றிருந்த தொகையிலேயே உறைந்துவிடும். பக்கத்தில் நின்று சுட்ட பிரெஞ்சுக்காரனுக்கு விலைவாசியோடு ஏறும், மொரோக்கோக்காரனுக்கு ஏறாது. இதை ஓரளவு சரிசெய்ய 2006 ஆயிற்று, முழுதாகச் சரிசெய்ய 2011. து-வுவில் இருபத்தைந்து வயதில் தூக்கப்பட்டவன் அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் எண்பத்தைந்து. கிராந்த் குருவா கொடுத்த 1999-ல் அவன் பென்ஷன் உறைந்துதான் கிடந்தது. காப்பாற்றினவரைக் கொண்டாடிக்கொண்டே, காப்பாற்றப்பட்டவனைக் கைவிடுவதற்கு ஒரு அரசாங்கத்துக்கு மட்டும்தான் மனசு வரும். தனி மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும்.

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. எங்கள் பெரியப்பா டோங்கினில் இருந்தவர். 1951-ல் வலது முழங்காலுக்குக் கீழே அடி. அவருக்காக எந்த விசிறியும் வரவில்லை. மூங்கில் கழியில் துணி கட்டி, இரண்டு ராத்திரி சுமந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்களாம். அங்கிருந்து படகு. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் கால் அழுகிவிட்டது. தொடையோடு எடுத்தார்கள். சுமந்த நான்கு பேரில் இருவர் வியட்நாமியர் என்பதை அவர் எப்போதும் சொல்வார், அவர்கள் பெயரோடு. நான் அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா ஹெலிகாப்டரை முதன்முதலில் பார்த்தது 1970-களில், நம் ஊர் மைதானத்தில். தேர்தலுக்குப் பேச ஒரு தலைவர் அதில் வந்து இறங்கினார். கட்டைக்காலோடு கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு சின்ன இடத்துல இறங்குது பார்றா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

1962-ல் ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு சொல்தா கொடுத்தார். பெரியப்பா கொடுக்கவில்லை. "என் ஊரு இது, நான் எதுக்கு எழுதிக் கொடுக்கணும்" என்றாராம். பக்கத்து வீட்டு பென்ஷன் வருஷா வருஷம் ஏறியது, மாடி வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த தொகை நின்ற இடத்தில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் அவருக்காக பிரெஞ்சில் எழுதின மனுக்களுக்குக் கணக்கில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து மிக மரியாதையான பதில் வரும். கடிதத்தின் கடைசியில், பிரெஞ்சு வழக்கப்படி, தங்கள்பால் எங்களுக்குள்ள மேலான மதிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி. மதிப்பு மட்டும் தபாலில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவர் போன பிறகு பெரியம்மாவுக்காக எழுதினேன். அதைக் கேள்விப்பட்டு தெருவில் மற்ற சொல்தா விதவைகளும் வந்தார்கள், அவர்களுக்கும் எழுதினேன். ஒன்றிரண்டு பலித்தது.

அதனால்தான் விழாவில் ஆந்த்ரே அம்மையாரின் பெயரைச் சொல்லச் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னால் 165 என்ற எண்ணைச் சொல்ல வேண்டிவரும். அந்த எண்ணைச் சொன்னால் அவர்கள் யார், அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாராவது ஒரு பேரன் கேட்பான். கேட்கட்டும் என்றுதான்.

இந்தக் குறிப்பை மறுநாள் பெஞ்சில் இருவருக்கும் படித்துக் காட்டினேன். வாத்தியார், "அல்ஜீரியாவைப் பத்தி இன்னும் காட்டமா எழுதியிருக்கணும்" என்றார். எழுதுங்கள், நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். சொல்தா அண்ணன் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம் பெரியப்பாவுக்கும் குருவா உண்டா தம்பி?"

"உண்டு அண்ணே. குருவா த கேர். அந்த அம்மாவுக்குக் குடுத்த அதே குருவா."

"எங்க இருக்கு இப்போ?"

"பெரியம்மா ஒரு தரம் அடகுக் கடைக்கு எடுத்துப் போனாங்க. வெண்கலம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. தகரப் பெட்டியில கெடக்கு."

"நாளைக்கு எடுத்தா" என்றார். "ரிப்பனும் போயிருக்கும். எங்கிட்ட புது ரிப்பன் இருக்கு."